சுவருக்கு அந்தப் பக்கம்

செங்கம் ரோட்டில் இருக்கும் தன் இசைக்கருவிக் கடையில், கிடாருக்கான சின்ன ஆம்ப்ளிஃபயர்கள் மூன்றை மேஜைமேல் எடுத்து வைத்தார் ஜானி பாஷா.

"அபார்ட்மென்ட்ல வாசிக்கத்தானக்கா? இதை எடுத்துக்கங்க. பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயரோட சத்தமெல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. ஹெட்போன் மாட்டிட்டா பக்கத்து வீட்டுக்கு ஒண்ணுமே கேக்காது."

"ஹெட்போன் பேச்சே வேணாம் பாய்," என்றாள் வாங்க வந்திருந்த தனம். "நீங்க மெதுவா வாசிங்க. நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்குறேன்."

வெளியே போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக இவ்வளவு பார்க்கிற ஆளை பாஷா கண்டதில்லை. மரியாதையோடு சத்தத்தைக் குறைத்தே வாசித்தார்.

முதல் இரண்டையும் கேட்டுவிட்டு, வாசலில் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதைக் கேட்டதும் உள்ளே வந்துவிட்டாள்.

"இதான். கம்மியா வச்சாலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக் கேக்குது. பேக் பண்ணுங்க."

பாஷா குழம்பினார். "கேக்குதுன்னா பக்கத்து வீட்ல சண்டைக்கு வர மாட்டாங்களாக்கா?"

"அந்தப் பக்கத்து வீடே நான்தான் பாய். இதுல வாசிக்கப் போறது மதிவதனின்னு ஒரு பொண்ணு, அவளுக்குத்தான் குடுக்கப் போறேன். சத்தம் ஜாஸ்தின்னு போன மாசம் நான்தான் சண்டை போட்டேன். அன்னிலருந்து ஹெட்போன்லயே வாசிக்கிறா."

"நல்லதுதானே? அப்புறம் எதுக்கு இது?"

"ஒரு பாட்டுல ஒரே இடத்துல தினம் தப்புப் பண்ணிட்டிருந்தா. இப்ப அதைச் சரியா வாசிக்கிறாளா இல்லியான்னு தெரியாம, எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது!"