ஒரு கைப்பிடி சிங்க்

"நூறு கிராம் சிங்க் குடுங்கண்ணே."

உரக்கடை அன்பரசு நிமிரவே இல்லை. "பத்து கிலோ மூட்டைதான். பிரிச்சிக் குடுக்கிறது இல்ல."

"சும்மாவா கேக்குறேன்?" பத்து ரூபாய் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள் அமிர்தம்.

"எத்தினி காணி நட்டிருக்க?"

"காணியும் இல்ல, குழியும் இல்ல. அடுத்தவங்க வயல்ல நடவு நடுறவதான். அதுக்கு என்ன இப்ப?"

"அப்ப எடத்தக் காலி பண்ணு. நெலமே இல்லாதவளுக்கு எதுக்கு சிங்க்?"

சம்பா நடவு நேரம். குமராட்சி விவசாயிகள் பாதிப்பேர் அந்தக் கடை வாசலில்தான் நின்றார்கள். அவர்களுக்கே அந்தப் பேச்சு சுருக்கென்றது. நிலம் இல்லாவிட்டால் மனுஷியே இல்லையா?

அமிர்தம் நகரவில்லை. அவள் தோளில் மூன்று வயது எழிலன் மூக்கு ஒழுகிக்கொண்டு, இருமிக்கொண்டு, துவண்டு கிடந்தான்.

"வாங்காம போகமாட்டேன். வருசா வருசம் உங்க கடை சிங்கை மணல்ல கலந்து வயல்ல எறைக்கிறது இந்தக் கைதான். எறைக்கிறப்ப ஆவும், வாங்குறப்ப ஆவாதா?"

"நல்லாத்தான்யா கேக்குது!" என்றார் வரிசையில் ஒருவர்.

"கேக்கட்டும். குடுக்க முடியாது."

அப்போது புல்லட்டில் வந்து இறங்கினார் சடையப்பன். இருபது காணிக்காரர். அமிர்தம் வாசல் தெளித்துப் பெருக்குவது அவர் வீட்டில்தான். ஆளாளுக்கு விஷயத்தைச் சொன்னார்கள்.

"அட, பாவம்யா! நம்ம வீட்டுல வேலை பாக்குற பொண்ணு. ஒரு கைப்பிடி அள்ளிக் குடு அன்பரசு, காசு நான் தரேன்."

கூட்டத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. பெரிய மனுஷன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

"நீங்க சொன்னாலும் குடுக்கமாட்டேன் மாமா." அன்பரசு மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். "வயலு இல்லாதவங்க உரக்கடையில நூறு கிராம் கேட்டா, குடிச்சிச் சாகத்தானோன்னு எனக்குப் பயம். சொல்லும்மா, இத எதுல போடப் போற?"

"தண்ணியில கரைச்சு இவனுக்குக் குடுக்கப் போறேன். சளி பிடிச்சி நாலு நாளாச்சு. சளிக்கு சிங்க் நல்லதாம்."

வரிசையில் நின்றவர்கள் பதறிப்போய்க் குழந்தையை எட்டிப் பார்த்தார்கள்.

"அடிப் பாவி, அது உரம்! நெல்லுக்குப் போடுறது. புள்ளை வயித்துக்குள்ள போனா குடலு வெந்துடும்!" அன்பரசு குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அனலாகக் கொதித்தது. அத்தனை பேர் நிற்கும்போதே சரசரவென்று ஷட்டரை இழுத்துவிட்டான். "வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். என்ன குடுக்கணும்னு டாக்டரு சொல்லட்டும்."

அமிர்தம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பத்து ரூபாய்க்கு எதை வாங்க வந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இத புள்ளைக்குக் குடுக்கச் சொன்ன மடையன் எவன்?" என்று கத்தினான் அன்பரசு.

சடையப்பன் அவசரமாக புல்லட்டை உதைத்தார். அது கிளம்பவில்லை.

அமிர்தம் அவர் எதிரில் போய் நின்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"பன்னிக்காய்ச்சலு பயத்துல, சளி பிடிச்ச இவரு பேரப்புள்ளைங்களுக்கு சிதம்பரம் டாக்டரு சிங்க் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. எம் புள்ளைக்கும் ரெண்டு குடுங்கய்யான்னு காலையில கேட்டேன். 'உங்களுக்கெல்லாம் மாத்திரை எதுக்கு, உரக்கடை சிங்கே போதும்'னு சொன்னது இவருதான்!"