எஸ்டிமேட்டுக்கு மேலே

"பன்னிரண்டாயிரம் ராண்டுன்னு எழுதிக் கொடுத்துட்டு, இப்போ பதினாறாயிரத்துக்கு பில்லை நீட்டுறியே, நான் என்ன நோட்டு அச்சடிக்கிறேனா?" வெலாபி விடுவதாயில்லை.

மேஸ்திரி சகேலே தலையைச் சொறிந்தார். "கார் ஷெட்டுக்குக் கடக்கால் தோண்டினப்புறம்தானே அண்ணே, அடியில பாறை இருக்கிறது தெரிஞ்சது. உடைக்கவே நாலு நாள் ஆச்சு."

"எஸ்டிமேட் போடறப்போ கண்ணு எங்க போச்சு? எழுதினது எழுதினதுதான். மேல ஒரு ராண்ட் கிடையாது."

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார் சகேலே.

உம்லாசியில் அந்தத் தெரு முழுக்க இதே பேச்சு. கேள்விப்பட்டதும் வெலாபியின் தம்பி மகன் ஓடி வந்தான்.

"பெரியப்பா, சனிக்கிழமை எனக்குப் பொண்ணு பேச நீங்கதான் போகணும். பொண்ணுக்குப் பரிசமா நாம எட்டு மாடு கொடுக்கணும்னு சொல்லியனுப்பியிருக்காங்க. நீங்க வாயைத் திறந்தா ஆறுக்கு இறங்கிடுவாங்க."

சனிக்கிழமை கோட்டும் தொப்பியுமாகப் போய் உட்கார்ந்தார் வெலாபி. பெண் வீட்டார் வாய் திறப்பதற்கென்று மாப்பிள்ளை வீட்டார் வழக்கமாகக் கொடுக்கும் பணத்தைப் பாயில் வைத்தார். அவர்கள் சார்பில் பேச, பெண்ணின் தாய்மாமன் உள்ளேயிருந்து வந்தார்.

சகேலே.

பணத்தை நிதானமாக எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். "பதினோரு மாடு."

வெலாபி தொப்பியைக் கழற்றினார். "எட்டுன்னுதானே சொல்லியனுப்பினீங்க?"

"அது எஸ்டிமேட் அண்ணே." சகேலே அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டுல பாறை இருக்கிறது இப்பத்தானே தெரிஞ்சது."