ஆறிப்போன டீ

1953 ஜூன் மாதம். திவாலான விமானக் கம்பெனியை அரசு நிறுவனத்தோடு இணைக்கப்போகிறார்கள். அதற்குமுன் இருபது மெக்கானிக்குகளைக் கழித்துக்கட்டும் வேலை மானேஜர் வரதாச்சாரியின் தலையில் விழுந்திருந்தது. பெங்களூரில் கூட்டம் கூடத் தடை என்பதால், எல்லை தாண்டி ஓசூர் பயணியர் விடுதியில் பேச்சுவார்த்தை.

யூனியன் சார்பில் செயலாளரும் முனிராஜும் மாதப்பனும் வந்திருந்தார்கள்.

"டீ சாப்பிடுங்க."

"வேணாங்க" என்றார் செயலாளர். மற்ற இருவரும் டம்ளரை நகர்த்தி வைத்தார்கள்.

மத்தியானச் சாப்பாடும் அப்படியே திரும்பிப் போனது. தண்ணீரைக்கூட மூவரும் தொடவில்லை.

"ஒருத்தரையும் உடமாட்டோங்க." செயலாளரின் உதடு வறண்டு வெடித்திருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

வரதாச்சாரி தொடப்படாத டம்ளர்களைப் பார்த்தார். தனி ஆந்திர மாநிலம் கேட்டு ஒருவர் பட்டினி கிடந்து செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்படியொரு பழி தன் தலையில் விழுந்தால்?

ஆறரை மணிக்குப் பேனாவைத் திறந்தார். "இருபது பேரும் இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்களும் போட்டுட்டு உண்ணாவிரதத்தை முடிங்க."

செயலாளர் நிதானமாக எழுதினார்: ஜமீர் அகமது.

சற்று நேரத்தில் மசூதியில் பாங்கு கேட்டது. ஜமீர் சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

"ரம்ஜான் நோன்புங்க சார். உண்ணாவிரதம்னு யாரு சொன்னாங்க?"

"அப்ப இவங்க ரெண்டு பேரும்?"

முனிராஜ் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

"நோன்பு இருக்கறவரு எதிர்ல நாங்க எப்படிங்க குடிக்கறது?"