வாளியை உதைத்த ஆர்தர்

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, துரியால்பா ஊரின் மாதா கோயில் கூடத்தில், ஆங்கில மரபுத்தொடர் வகுப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர். கரும்பலகையை ஒட்டி டீச்சர் சொய்லா. முதல் பெஞ்சில் சன்னலோரம் சாப்பாட்டுக் கடை ஒதிலியா, பக்கத்தில் தையற்கடை ஃப்ளோரிபெத். இரண்டாவது பெஞ்சில் மருந்துக்கடை கிரேசியானோ. கடைசி பெஞ்சில் கதவோரம், மடியில் பையோடு தபால்காரர் எலாடியோ.

ஆறாவதாக ஒருவரும் இருந்தார், உறைக்குள். இங்கிலாந்து, லீட்ஸ் நகரத்து ஆர்தர்.

பேனா நண்பர்கள் என்று டீச்சர் ஆளுக்கொரு முகவரி கொடுத்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் பதில் வந்தது. ஒதிலியாவுக்கு மட்டும் மூன்று மாதம், "இன்னைக்கும் ஒண்ணும் வரலைங்க" என்று எலாடியோ தலை குனிந்து சொன்னதுதான் மிச்சம். அப்புறம் ஒருநாள் ஆர்தர் எழுதினார். அதிலிருந்து மாதம் ஒரு கடிதம்.

போன வகுப்பில்தான் ஒதிலியா எழுந்து நின்று அறிவித்தாள். புருஷன் போய் ஏழு வருஷமாகிறது, இனியும் தனியாக இருப்பதாக இல்லை. ஆர்தர் "வா" என்று ஒரு வார்த்தை எழுதினால் கடையை இழுத்து மூடிவிட்டு விமானம் ஏறப்போகிறாள்.

அந்த "வா" இந்த உறைக்குள் இருந்தாக வேண்டும்.

"குடு, நான் படிக்கிறேன்," என்று ஃப்ளோரிபெத் உறையைப் பிடுங்கினாள். "தோன்யா ஒதிலியா, அத்திமரத்திலிருந்து நூறு மீட்டர் தெற்கே, பச்சை கேட். அடியம்மா, 'தோன்யா'ன்னு மரியாதை வேற, அட்ரஸ்லயே அன்பு வழியுது!"

"உறையை விட்டுட்டு உள்ள இருக்கிறதைப் படி," என்றாள் ஒதிலியா.

கடிதத்தில் இருந்தது மூன்றே வரி. வகுப்பின் விதி எல்லோருக்கும் தெரியும். முதலில் அவரவர் ஊகிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டீச்சர் மரபுத்தொடர் புத்தகத்தின் விடைப் பக்கத்தைத் திருப்புவார்.

"உன்னை நினைத்தால் என் வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகள்," என்று வாசித்தாள் ஃப்ளோரிபெத்.

"பூச்சி மாத்திரை ரெண்டு, வெறும் வயித்துல," என்றார் கிரேசியானோ.

"தோன் கிரேசியானோ! அது காதல்!"

"காதலுக்கும் அதே மாத்திரைதான். வித்தவன் சொல்றேன்."

டீச்சர் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். எலாடியோ மட்டும் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது. திங்கட்கிழமை நான் வாளியை உதைத்தேன். இனி என்னிடமிருந்து கடிதம் வராது."

"ஐயோ பாவம், கால் விரல் நசுங்கியிருக்கும்," என்றாள் ஃப்ளோரிபெத்.

"இரும்பு வாளியா, பிளாஸ்டிக்கா? அதைப் பொறுத்துத்தான் மருந்து."

"காலால உதைச்சா கையால ஏன் எழுத முடியாது? எலாடியோ, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒதிலியா திரும்பிக் கேட்டாள்.

"எனக்கு... எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்க."

டீச்சர் சொய்லா விடைப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"செத்துப்போறது."

"யாரு?"

"வாளியை உதைச்சவர்."

ஃப்ளோரிபெத் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் அவளே கேட்டாள், "செத்தவர் எப்படி டீச்சர் கடுதாசி எழுதுவாரு?"

"திங்கட்கிழமை செத்து, செவ்வாய்க்கிழமை எழுதியிருப்பார்," என்றார் கிரேசியானோ. "இங்கிலீஷ்காரங்க எதையும் முறையாச் செய்வாங்க. சொல்லாமப் போகமாட்டாங்க."

"கையெழுத்து கூட நடுங்கலையே!"

"அதான் சொல்றேன், வளர்ப்பு அப்படி."

ஒதிலியா மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. ஃப்ளோரிபெத் அவளை அணைத்துக்கொண்டாள். "அழுடி, நல்லா அழு. போன வாரம் வரைக்கும் நீலமா இருந்த கேட்டை அவருக்காகத்தானே ராணி மாதிரி சிங்காரிச்சே. யாருக்குக் குடுத்துவெச்சிருக்கு!"

ஒதிலியா நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் நீர். "டீச்சர், ஒரு தாள் குடுங்க. பதில் போடணும்."

"செத்தவருக்கா?"

"அவர் எழுதலாம், நான் எழுதக் கூடாதா?"

அவள் எழுதினாள். புத்தகத்தைப் புரட்டவில்லை, யாரிடமும் சொல் கேட்கவில்லை. நான்காக மடித்து உறையில் போட்டு, விளிம்பை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்த் தபால் பையின் மேல் வைத்தாள்.

எலாடியோவுக்குக் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகவரி இல்லை.

"லீட்ஸுக்குத்தானேங்க? போய்ச் சேர மூணு வாரம் ஆகுமே," என்று முணுமுணுத்தார்.

"அங்கேருந்து வர்றதுக்கும் அதே மூணு வாரம்தானே? நான் கேட்டுக்குப் பச்சை அடிச்சு நாலு நாள்தான் ஆகுது."

எலாடியோவின் கை பைக்குள் எதையோ தேடியது. ஒதிலியா அந்தக் கையை வெளியே எடுத்து, உறையை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"ஸ்டாம்ப் வேண்டாம். ஞாயித்துக்கிழமை சூப்பு ஆறுறதுக்குள்ள வந்துடுங்க, ஆர்தர்."