ரோபோ கைக்கு ஒரு மோட்டார்

திண்டிவனம் கல்லூரியில் பெனாசிர் ரோபோ குழுவின் ஆசிரியை. நிக்காஹ் முடிந்த மாதமே துபாய் திரும்பிய கணவன் கலீல், அங்கே கியர்பாக்ஸ் மெக்கானிக். ‘சாப்டீங்களா’வுக்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. ரோபோ போட்டி வந்தபின் தினமும் போன்.

“போட்டிக்குச் செய்யற கைக்குச் சின்ன மோட்டார் போதுமாங்க?”

“போதும். பெரிய கியர்பாக்ஸா போடு, பாரம் தாங்கும்.”

“மெதுவாயிடுமே?”

“ஆவட்டும். தூக்கினத கீழ போடாது.”

“சரிங்க, பாத்துட்டு நாளைக்கி கேக்கறேன்.”

போனை வைத்தாள். பக்கத்தில், போன வாரம் அந்தக் கை ஜெயித்த கோப்பை இருந்தது.

துபாயில் அறைத்தோழன் கேட்டான். “போட்டி இன்னுமா முடியல?”

கல்லூரி வெளியிட்ட கோப்பைப் படத்தைக் கலீல் காட்டினான்.

“அப்புறம் ஏன்டா தெரியாத மாதிரி பேசற?”

“தெரியும்னு சொல்லிட்டா, நாளைக்கி எதைக் கேட்டுக்கினு போன் பண்ணுவா?”