உள்ளே இருக்கும் வேலை

“என்ன, இப்பல்லாம் ஸ்பிரிங்குக்கு நாலு முடிச்சோட நிறுத்திடறே? முன்னே எட்டு போடுவியே.”

“உள்ளே இருக்கறதை யாரு பார்க்கப் போறா?”

காலையில் கணவன் கேட்டதும் அவள் சொன்னதும் அவ்வளவுதான். இப்போது மதிய வெயில் சோபா பழுதுபார்க்கும் அந்தக் கடைக்குள் சாய்ந்து விழுகிறது. பஞ்சுத் தூசி அதில் மெல்ல மிதக்கிறது. துணி போர்த்தாத ஒரு சோபாவுக்குள் கை விட்டு, சணல் கயிற்றை இழுத்து ஸ்பிரிங்குகளைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் அவள். கயிறு அறுத்த விரல்கள் எரிகின்றன. நிமிர்ந்தால் இடுப்பு வலிக்கிறது, குனிந்தால் கழுத்து. வாசலருகே, பழுது பார்த்த நாற்காலியை வாங்கிப்போக வந்த பெரியவர் உட்காருகிறார், எழுகிறார், குழந்தை மாதிரி மறுபடியும் உட்காருகிறார். “அடடா, அம்மா மடி கெட்டது போ! உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் தம்பி.” கணவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறான். “எல்லாம் உங்க ஆசீர்வாதம் ஐயா.” அவன் போர்த்திய நீலத்துணியைப் பெரியவர் ஆசையாகத் தடவுகிறார். அந்தத் துணிக்கு அடியில் அவளுடைய இரண்டு நாள் இருக்கிறது. எப்போதும் இந்த இடத்தில் அவள் குனிந்துகொள்வாள். இன்று ஏனோ கை ஓடவில்லை. பாதி முடிச்சில் கயிறு தளர்ந்து கிடக்கிறது.

“ஏங்க,” என்கிறாள். கல்யாணமான வருஷத்திலிருந்து தொண்டையிலேயே நின்றது, தூசி படிந்த குரலில் வெளியே வருகிறது. “உள்வேலை என் பொண்டாட்டி செஞ்சதுன்னு ஐயாகிட்ட சொல்லுங்களேன்.”