பாதி அட்டை மாத்திரை

"பாதி அட்டையைப் பிச்சுக் குடுக்கா. வேற என்ன கேட்டுட்டேன்?"

கொச்சபம்பா நகரத்துச் சந்தையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று இலாரியா மறுபடியும் கேட்டாள். முதுகில் போர்வையோடு கட்டியிருந்த மகள் தெல்மாவின் உடம்பு அவளுக்கே சுட்டது.

பக்கத்துக் கடை கசில்தா மாத்திரை அட்டையை மடியில் செருகிக்கொண்டாள். காலில் பெரிய கட்டு.

"தர மாட்டேன்."

"உனக்குத்தான் கால் ஆறிடுச்சே. நேத்து நீயே மூட்டையை இழுத்ததைப் பார்த்தேனே."

"வெளியே ஆறியிருக்கு. உள்ளே புண்ணு உசிரோட இருக்கு. நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் முழுசையும் முழுங்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"பிள்ளைக்குத் தொண்டை வீங்கிப் போச்சுக்கா."

"என் காலைப் பார்த்து எழுதின மாத்திரைடி. உன் பிள்ளை தொண்டைக்குள்ளே என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"போகாமலா? விடியறதுக்குள்ளே டோக்கன் தீர்ந்துடுது. ராத்திரியே போய்க் குந்தணுமாம். இந்தக் குளிர்ல, காய்ச்சல் பிள்ளையோட தெருவிலயா?"

கசில்தா கிழங்கு வாங்க வந்தவன் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனிடம் எரிந்து விழுந்தாள். "அந்தக் கிழங்கு அந்த விலைதான். பிடிச்சா எடு, இல்லாட்டி நகரு."

மொச்சை விற்றவள் சிரித்தாள். "இவகிட்ட கொசுறே பெயராது. மாத்திரையா பெயரும்?"

"இனி இவ மூஞ்சியில முழிச்சேன்னா என்னன்னு கேளு" என்றபடி இலாரியா கடையைக் கட்டினாள்.

ராத்திரி பிள்ளைக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இருட்டு பிரியும் முன்பே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி வரிசை வளைந்து போயிருந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே, கட்டுப்போட்ட காலை நீட்டி, போர்வைக்குள் சுருண்டிருந்தாள் கசில்தா.

'தன் காலுன்னா மட்டும் முன்னாடி வந்து குந்தத் தெரியுது.' இலாரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையின் வாலைத் தேடி நடந்தாள்.

"ஏண்டி, எங்கே போறே?"

"கடைசிக்கு. வேற எங்கே?"

கசில்தா சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே எழுந்தாள்.

"இங்கே வந்து உட்காரு. தெல்மா பேரைச் சொல்லித்தான் இந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன். நான் இன்னிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. உன் வீட்டுக்கு ஆள் அனுப்பினேனே, வழியில பார்க்கலை?"

இலாரியா பிள்ளையோடு அங்கேயே நின்றாள்.

"என்னடி முழிக்கிறே? மாத்திரை தர மாட்டேன்னேன். இடம் தர மாட்டேன்னு சொன்னேனா?"